வயிற்றில் வைக்காத கை

என் அப்பா கிராணி இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இதை எழுதவே எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. வாயால் சொல்ல இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, தெரியாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கிராணி யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர் பதிகிறவர். வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எங்கள் தோட்டம் மலேசியாவில், பீடோருக்கும் தாப்பாவுக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது. கிராணி வீடு மேட்டில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயம் பள்ளத்தில். மழை பெய்தால் அவர் வீட்டு வாசல் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வரும்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. புறப்பட்ட அன்று அப்பாவுக்கு ரப்பர் காயவைக்கும் புகைவீட்டில் வேலை, வேலை வாங்கும் மண்டோர் விடவில்லை. என் தகரப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, பெரிய ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு மாமா. சொந்தமில்லை. லயத்தில் அம்மா வயசுப் பெண்கள் எல்லாரும் அத்தை, அவர்கள் புருஷன்மார் எல்லாரும் மாமா. இந்த மாமா காலையில் முந்நூறு மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பஸ் வந்ததும் பெட்டியைக் கண்டக்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வா பாப்பா. நம்ம லயத்துல மொத மிஸி நீதான்லா" என்றார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வார்கள்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்காரி. வேதக்காரக் குடும்பம், வீட்டில் பியானோ கூட இருந்தது. நல்லவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். வந்த இரண்டாம் நாள் தலைவாரிக்கொண்டே, "எங்க டாடி டெலிகாம்ஸ்ல. ஒங்க டாடி என்ன வேல?" என்று கேட்டாள். வெறும் பேச்சுக்குக் கேட்டதுதான். நான் கண் இமைக்காமல் "எஸ்டேட்ல கிராணி" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் அதற்குப் பிறகு எப்போதும் அந்தச் சோற்றைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவாள். அவள் அம்மா எனக்கு ஆட்டிறைச்சிக் கறி ஊற்றிக்கொண்டே மேட்டு பங்களா வாழ்க்கையைப் பற்றி விசாரிப்பார். நானும் அளப்பேன். வீட்டில் தமிழ் அதிகம் பேசுவதில்லை என்றும் சொல்லி வைத்தேன். காரணம் இருந்தது. நான் வாயைத் திறந்து தமிழ் பேசினால் 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வாரேன்' என்று தோட்டமே வந்து வெளியே விழும். அதனால் வார்டில் தமிழ் நோயாளிகளிடம்கூட மலாயில்தான் பேசினேன். டவுனுப் பிள்ளை என்று நினைக்கட்டும் என்று.

இரண்டாம் வருடத்தில் ஆண்கள் அறுவை வார்டில் போட்டார்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகியதெல்லாம் முடிந்து, ஆளைப் பார்த்து எழுதும் வேலை. வயிற்றில் ஆபரேஷன் செய்தவர் என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எங்கள் சிஸ்டர் மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பார். நாடி, மூச்சு, பிரஷர். மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது; தெரிந்தால் மாற்றி விடுவார், ஆகவே நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்க்க வேண்டும். கட்டுத் துணியில் ரத்தம் ஊறியிருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போனது. கடைசியாக, காற்றுப் பிரிந்ததா. வயிற்றைத் திறந்து மூடினால் குடல் இரண்டு மூன்று நாள் அசையாமல் கிடக்கும். காற்றுப் பிரிந்தால்தான் அது விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"கேக்கணும், அப்பறம் கை வெக்கணும். கை வெக்காம எழுதக் கூடாது" என்பார் சிஸ்டர். அவர் ஈப்போச் சீனர். தமிழை வார்டிலேயே பொறுக்கியெடுத்துக் கற்றவர். வெள்ளை உடுப்பும் பெல்ட்டுமாக விறைப்பாக வந்து, ஒரு தமிழ்ப் பெரியவர் கட்டிலருகே நின்று, வார்டே கேட்கும்படி, "சாமி! காத்து போச்சா?" என்று கத்துவார். பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லி விடுவார்கள். நானும் குனோங் ராபாட்டுக்காரியும் ஹாஸ்டலில் அவர் மாதிரி பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

அந்த வார்டுக்குத்தான் பக்கத்து வீட்டு மாமா வந்து சேர்ந்தார்.

வயிற்றுப் புண் ஓட்டை விழுந்துவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது சுருண்டு விழுந்திருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வெள்ளை மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தாப்பாவுக்கு அனுப்ப, அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் டூட்டிக்கு வந்தபோது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். மூக்கில் குழாய், கையில் டிரிப். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவருக்கு என்னைத் தெரிய அந்த ஒரு நிமிஷமும் தேவைப்படவில்லை.

"பாப்பா," என்றார். குழாய்க்கு நடுவில் குரல் கிழிந்து வந்தது. "நம்ம பாப்பாதானே?"

அடுத்த கட்டிலில் குனோங் ராபாட்டுக்காரி பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, மலாயில், "பாக்சிக், பேசக் கூடாது, ஓய்வு எடுங்கள்" என்றேன். பாக்சிக் என்று மலாய்க்காரர்கள் வயசான யாரையும் கூப்பிடுவார்கள். தெருவில் வழி கேட்கும்போதுகூட.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலைப் பார்த்தார். படிக்காதவர்தான். ஆனால் மேட்டு வீடு எது, பள்ளத்து வீடு எது என்று அறிந்து ஐம்பது வருடம் வாழ்ந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

"மன்னிச்சிருங்க மிஸி," என்றார். "ஆளு மாறிப் போச்சு."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவே இல்லை.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை. டாக்டர் வருவதற்குள் சார்ட்டை நிரப்ப வேண்டும். மாமாவின் கட்டிலுக்குப் போனேன். நாடி பிடித்தேன். மூச்சை எண்ணினேன். பிறகு அந்தக் கேள்வி. லயத்தில் வளர்ந்தவள் நான். பெட்டியைத் தூக்கிக் கொடுத்த மாமாவிடம் போய்க் 'காத்துப் பிரிஞ்சுதா' என்று தமிழில் எப்படிக் கேட்பது? மலாயில் கேட்டால் அது யாரோ யாரிடமோ கேட்பதுபோல இருந்தது. சார்ட்டைப் பார்த்துக்கொண்டே, "சுடா கெந்துட்?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமாங்க மிஸி."

அந்த 'ஆமாங்க' எனக்குத் தெரியாததா? பெரட்டுக் களத்தில் மண்டோர் டார்ச்சை முகத்தில் அடித்துக்கொண்டு எது கேட்டாலும் எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். உளி தீட்டியாச்சா? ஆமாங்க. நேத்து உன் நெரைய முடிச்சியா? ஆமாங்க. காய்ச்சல் விட்டுருச்சா? ஆமாங்க. உடம்பு அனலாகக் கொதிக்கும், வாய் ஆமாங்க என்று சொல்லும். சப்பாத்துப் போட்டவன் கேட்டால் 'இல்லை' என்று சொல்லி எங்கள் லயத்தில் யாரும் நல்லது கண்டதில்லை. என் அப்பா வீட்டில் உத்தரத்தைப் பார்த்துத் திட்டுவார், களத்தில் ஆமாங்க என்பார். அந்த வார்டில் அந்தச் சொல்லின் விலை தெரிந்த ஒரே ஆள் நான்தான். சிஸ்டருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்திருக்க வேண்டும். கை வைத்தால் கிட்டத்தில் போக வேண்டும். கிட்டத்தில் போனால் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். நான் கை வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே எழுதினேன். காற்றுப் பிரிந்தது. வயிறு மெத்தென்று இருக்கிறது.

டாக்டர் வந்தார், சார்ட்டைப் பார்த்தார், மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். தண்ணீர் கொடுக்கலாம் என்றார். குழாயை எடுத்ததும் நான்தான். முதல் மடக்குத் தண்ணீரைக் கொடுத்ததும் நான்தான். மூன்று நாள் வாய் காய்ந்து கிடந்தவர். குடித்துவிட்டு, "புண்ணியமாப் போவும் மிஸி" என்றார்.

மறுநாள் அவருக்கு விக்கல் எடுத்தது. விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருந்தது. போர்வைக்கு மேலேயே வயிறு உப்பித் தெரிந்தது. "சாகிட்?" என்று மலாயில் கேட்டேன், வலிக்கிறதா என்று. இல்லீங்க என்று தலையை ஆட்டினார். தண்ணி நிறையக் குடித்திருப்பார், அதுதான் விக்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நினைத்துப் பார்த்தால், அந்த நாட்களில் நான் சொன்ன பொய்களில் இதுதான் ரொம்பக் கேடான பொய்.

ஐந்தாம் நாள் மத்தியானம். தேத்தண்ணி வண்டி அப்போதுதான் வார்டைத் தாண்டிப் போனது. அவர் கட்டிலிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம். ஓடினேன். பச்சையும் கறுப்புமாக வாந்தி, தலையணை, தரை எல்லாம். எடுத்து முடித்தவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துச் சொன்னார்: "என்னமோ பிச்சுக்கிட்டு வருது."

போர்வையை விலக்கினேன். கட்டுத் துணி ரோஜா நிறத் தண்ணீரில் நனைந்து கிடந்தது. அதைத் தூக்கினால், தையல் விட்டுப்போய், உள்ளே இருக்க வேண்டியது வெளியே தெரிந்தது.

படித்த படிப்பு அப்போது கைக்கு வந்தது, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து மூட வேண்டும். முழங்காலை மடக்க வைக்க வேண்டும். ஆளைத் தனியாக விடக் கூடாது. எல்லாம் செய்தேன். செய்துகொண்டே, எனக்குத் தெரியாமலே என் வாய் திறந்துகொண்டது. "மாமா, அசையாதீங்க மாமா. கால மடக்குங்க. நான் இருக்கேன் மாமா, எங்கிட்டும் போவல, இங்கிட்டுத்தான் இருக்கேன்."

உப்புத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற குனோங் ராபாட்டுக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மாமா சொன்னது இரண்டே சொல். "சரிங்க மிஸி."

இரண்டாவது தடவை வயிற்றைத் திறந்து தைத்தார்கள். பிழைத்தார். மறுபடி மூக்கில் குழாய், மறுபடி தண்ணீர் கிடையாது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு அன்று ராத்திரி ஹாஸ்டலில் பொரித்த மீனும் சோறும் போட்டார்கள். குனோங் ராபாட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "அவர் ஒன்னோட சொந்த மாமாவாடி?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். "எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவாங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் அப்பாவைப் பற்றியும் ஒருபோதும் கேட்கவில்லை.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாள் கழித்து, மாமா பேசும் நிலைக்கு வந்தபின், சிஸ்டர் பழைய சார்ட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"சாமி, அன்னிக்கி காத்து போச்சா?"

"போவலீங்க," என்றார் மாமா. "மிஸி கேட்டாங்க. நான்தான் போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். தண்ணி தவிச்சுப் போச்சுங்க."

சிஸ்டர் விடுகிற ஆளில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் வயிற்றில் தன் கையை வைத்துக் காட்டி, "இந்த மிஸி கை வெச்சாளா?" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சிஸ்டரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "வச்சாங்க," என்றார். "நல்லா அமுக்கிப் பாத்தாங்க."

எனக்கும் வாய் இருந்தது. தமிழ் தெரியும், மலாய் தெரியும், இங்கிலீஷ் தெரியும். மூன்றில் எதிலும் ஒரு சொல் வரவில்லை. சொன்னால் பயிற்சியிலிருந்து அனுப்பி விடுவார்கள். அதே தகரப் பெட்டியோடு, அதே மூன்று மைலை நடந்து லயத்துக்குள் போக வேண்டும். அதை நினைத்தேன். நின்றேன். சிஸ்டர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். மாதக் கடைசியில், எங்கள் செய்முறைப் புத்தகங்களில் கையெழுத்துப் போடும்போது, வயிற்று ஆபரேஷன் நோயாளியைச் சோதித்தல் என்ற வரிக்கு எதிரே எனக்கும் போட்டார். தேர்ச்சி. அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கலாம் என்று இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் திரும்ப வைத்திருக்கிறேன்.

அதற்குள் என்னைப் பெண்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போன அன்று நான் போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டு மாடிதான் இறங்க வேண்டும். போகவில்லை.

நான்கு மாதம் கழித்து லீவில் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கத்து வூட்டு மாமாவ பாத்துட்டு வந்துருடி. தோட்டமே ஒன்னப் பத்தித்தான் பேசுது. சொந்த மவ மாரி பாத்துக்கிட்டியாமே. போறவன் வாரவன் எல்லாருகிட்டயும் சொல்றாரு."

"என்ன வேல செய்றாரு இப்ப?"

"மரம் வெட்ட முடியாதில்ல. கிராணி ஆபீசு வாசல்ல கூட்டிப் பெருக்குறாரு. என்னமோ, உசுரு பொழச்சுதே."

முந்நூறு மரம் வெட்டி, பால்வாளிகளைத் தோளில் தூக்கி வந்த ஆள். கிராணி ஆபீஸ் வாசல். அம்மா கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பாவாடை சட்டையில்தான் போனேன். மிஸி உடுப்பெல்லாம் ஈப்போவில் இருந்தது. உள்ளே பலகையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். எழும்போது இடது கை தானாக வயிற்றுக்குப் போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மிஸி. ஒக்காருங்க."

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குத்தல் இல்லை. மரியாதை இருந்தது. நான் பிறந்தபோது என்னை மடியில் வாங்கிய அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாம்மா, ஒனக்குக் கோடிப் புண்ணியம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

"மாமா," என்றேன். "நான் பாப்பாதான் மாமா."

"ஆமாங்க," என்றார்.

"அன்னிக்கி நான் ஒங்க வயித்துல கை வைக்கல. நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வச்சீங்க மிஸி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

 தெரிந்த வேலையைத்தான் செய்ய முடியும். இப்போது வயிற்றைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்கும் ஆமாங்க என்றார். பலகையில் படுத்துச் சட்டையைத் தூக்கினார். தழும்பு நடுவில் விலகி, அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். வலிக்காத பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். விரல் நுனியால் இல்லை, உள்ளங்கையால். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்க வேண்டும், பார்த்துக்கொண்டுதான் அமுக்கினேன். புடைப்பின் ஓரத்துக்குக் கை வந்ததும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பலகையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

"வலிக்குதா மாமா?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்லீங்க மிஸி," என்றார்.